பறவையியல் அறிஞர் சாலிம் அலி: மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்கு ஒரு வாழ்க்கைப் பாடம்

 

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளே, பள்ளிவாசல் முற்றத்தில் தொழுகை முடிந்து அமர்ந்திருக்கும் நம்மிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதே அது. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் விவசாயியும் கேட்கிறார். வளைகுடா நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் தந்தையும் கேட்கிறார். நாமும் அந்தந்த ஆண்டில் எந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கிறதோ அதையே சொல்லி அனுப்பிவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பொறியியலில் சேர்ந்தால் நம் வீட்டுப் பிள்ளைக்கும் பொறியியல்தான் என்பதே பெரும்பாலும் நமது ஆலோசனையாக இருந்து வந்திருக்கிறது.

அவ்வாறு சேர்ந்த பிள்ளைகளில் சிலர் இரண்டாம் ஆண்டிலேயே பல பாடங்களில் தேறாமல் திரும்பி வந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். அப்போது அந்தப் பிள்ளை உருப்படாது என்று சொன்னவர்களும் நாமே. இந்தத் தவற்றை எண்ணிப் பார்த்தபோது, கல்லூரியின் முதலாண்டிலேயே படிப்பைக் கைவிட்டு, பின்னர் உலகம் போற்றும் அறிஞராக உயர்ந்த ஒரு முஸ்லிம் பெருமகனாரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எடுத்துரைப்பது பொருத்தமாக இருக்கும் எனக் கருதினோம். அவர்தாம் இந்தியப் பறவையியலின் முன்னோடி என அழைக்கப்படும் சாலிம் அலி அவர்கள். மார்க்க விஷயங்களில் அன்னாரின் போக்கு எவ்வாறிருந்தது என்பதை நாம் இங்கு ஆராயப் புகவில்லை. கல்வியிலும் தொழிலிலும் அவர் நடந்த பாதையே நமக்குப் பொருள்.

யத்தீமாக வளர்ந்த பிள்ளை

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பத்தாவது குழந்தையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையார் மொய்சுத்தீன் வஃபாத்தானார். மூன்று வயதில் தாயாரையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியும் அவருடைய துணைவியார் ஹமீதா பேகமும் தமக்குப் பிள்ளை இல்லாத நிலையில் இக்குழந்தைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய பத்ருத்தீன் தயாப்ஜி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரே. கல்வியும் பொதுத்தொண்டும் நிறைந்த வீடு அது.

சிறுவன் சாலிமுக்கு விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. குருவிகளைச் சுட்டு வீழ்த்துவதே அவனது பொழுதுபோக்கு. ஒருநாள் வீழ்ந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. வீட்டுக் குருவியில் இல்லாத அந்த நிறம் அவனுக்கு வியப்பை அளித்தது. மாமனாரிடம் காட்டினான்; அவருக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பிள்ளையை விரட்டிவிடாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லர்டு என்ற ஆங்கிலேயரிடம் அவனை அனுப்பி வைத்தார். 1908ஆம் ஆண்டு, தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்த சிறுவனை மில்லர்டு அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று சொல்லி, கழகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்க நூல்களும் கொடுத்தார்.

ஒரு பிள்ளையின் ஆர்வத்திற்குத் தமக்கு விடை தெரியாதபோது, விடை தெரிந்தவரிடம் அனுப்பிய அந்த மாமனாரின் செயலை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் நிகழ்ந்த அனைத்திற்கும் அதுவே வித்து.

கல்லூரியில் முதல் சறுக்கல்

ஆர்வம் இருந்ததனால் படிப்பு எளிதாக வந்துவிடவில்லை. ஏறத்தாழ 13 வயதில் தீராத தலைவலி அவரைப் பிடித்தது. பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல இயலவில்லை. வறண்ட காற்று நலம் தரும் என்று சிந்து மாகாணத்தில் இருந்த உறவினர் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். பலமுறை படிப்பு தடைப்பட்டு, 1913இல் பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார்.

அதன் பின்னர் பம்பாய் தூய சேவியர் கல்லூரியில் சேர்ந்தார். முதலாண்டுப் படிப்பே பெரும் சுமையாயிற்று. கணிதம் அவருக்குப் பிடிபடவே இல்லை. படிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு பர்மாவுக்குக் கப்பலேறினார். தெற்குப் பர்மாவில் தவாய் என்னும் பகுதியில் அவர் குடும்பத்தாருக்கு வுல்ஃப்ரம் தாதுச் சுரங்கமும் மரத்தொழிலும் இருந்தன. தமிழக முஸ்லிம்களும் ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுகொண்டிருந்த காலம் அது. படிப்பு வரவில்லையென்றால் குடும்பத் தொழிலுக்கு அனுப்பிவிடுவது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம்.

தவாயின் அடர்ந்த காடுகளில் சுரங்க வேலையைவிடப் பறவைகளே அவர் கண்ணை ஈர்த்தன. காட்டிலாகா அதிகாரிகள் சிலரின் நட்பும் அங்கே கிடைத்தது. ஆனால் பறவைகளை நாடித் திரிபவருக்குக் கணக்கும் வியாபாரமும் ஓடுமா? 1917இல் பம்பாய்க்குத் திரும்பினார். கையில் பட்டமும் இல்லை. சொல்லிக்கொள்ளத்தக்க தொழிலும் இல்லை. வயது 21ஐ நெருங்கியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு கணம் நின்று சிந்திப்போம். இன்று நம் ஊரில் இதே நிலையில் ஒரு இளைஞர் திரும்பி வந்தால், அவரைப் பற்றி நாம் என்ன பேசுவோம்?

காலையில் வணிகம், அடுத்து விலங்கியல்

திரும்பி வந்தவர் மீண்டும் மாணவரானார். குடும்பத்தாரின் விருப்பத்திற்கேற்ப, தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் பயிலத் தொடங்கினார். அப்போது தூய சேவியர் கல்லூரியில் இருந்த எத்தல்பர்ட் பிளாட்டர் என்ற பாதிரியார், தாவரவியலில் பெரும்புலமை பெற்றவர், இந்த இளைஞரின் உண்மையான நாட்டம் எதில் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். விலங்கியல் படிக்குமாறு அவரை வற்புறுத்தினார்.

சாலிம் அலி ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவிவிடவில்லை. காலையில் வணிகக் கல்லூரி வகுப்பு. அது முடிந்ததும் தூய சேவியர் கல்லூரியில் விலங்கியல் வகுப்பு என இரண்டையும் நடத்தினார். வயிற்றுப் பிழைப்புக்கான கல்வியைக் கைவிடாமலே, மனம் நாடிய கல்வியையும் முறையாகப் பயின்று அந்த விலங்கியல் பாடத்திட்டத்தை நிறைவு செய்தார். எந்தக் கல்லூரியில் தோற்றாரோ, அதே கல்லூரிக்குள் வேறொரு பாடத்திற்காக மீண்டும் நுழைந்தார் என்பது கவனிக்கத்தக்கது. பாடம் மாறியபோது மாணவரும் மாறினார்.

1918 டிசம்பரில் உறவினரான தஹ்மீனா அவர்களை நிக்காஹ் செய்துகொண்டார்.

பட்டம் இல்லாமையின் விலை

இனி நாம் சொல்லப்போவதைப் படிப்பை நிறுத்த எண்ணும் மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சாலிம் அலியின் பெயரைச் சொல்லி, பட்டம் இல்லாமலும் பெரிய ஆளாகலாம் என்று வாதிடுவோர் உண்டு. அவர் வாழ்க்கை அந்த வாதத்திற்கு முழுச் சான்றாக அமையவில்லை.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணி ஒன்று இருந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் விரும்பியிருக்கக்கூடிய பணி. பறவைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் நாட்டில் அரிது. ஆயினும் முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்த வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கல்லூரிப் படிப்பைக் கைவிட்டு ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் அதற்கான விலையை அவர் கொடுக்க நேர்ந்தது.

1926இல், ஏறத்தாழ 30 வயதில்தான் அவருக்குப் பிடித்த துறையில் ஒரு வேலை கிடைத்தது. பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர் பணி. மாதச் சம்பளம் 350 ரூபாய். வருகின்ற பார்வையாளர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் பறவை விலங்குகளைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டும்.

இரண்டாண்டுகள் சென்றன. தாம் கற்றது போதாது என்பதை அவர் உணர்ந்தார். வேலை கிடைத்துவிட்டது, இனி என்ன என்று இருந்துவிடாமல், 1928இல் படிப்பு விடுப்புப் பெற்று ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். அக்காலத்தில் உலகின் தலைசிறந்த பறவையியல் அறிஞர்களுள் ஒருவர் அவர். இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்தில், இலண்டனை விட்டு பெர்லினைத் தேர்ந்ததற்குக் காரணம், கற்றுத்தரும் ஆசிரியர் அங்கே இருந்தார் என்பதே. ஊரின் பெயரையும் கல்லூரியின் கட்டடத்தையும் பார்த்துச் சேரும் நமக்கு இதிலும் ஒரு பாடம் உண்டு. பிற்காலத்தில் ஸ்ட்ரெஸ்மானையே அவர் தம் குருவாகப் போற்றி வந்தார்.

தூக்கணாங்குருவி கொடுத்த புகழ்

1930இல் தாயகம் திரும்பியபோது அதிர்ச்சி காத்திருந்தது. நிதி இல்லை என்று கூறி அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டில் உயர்பயிற்சி பெற்று வந்தவர், மனைவியுடன் வேலையின்றி நின்றார். பம்பாய் நகரச் செலவைத் தாங்க இயலாமல், கடலுக்கு அப்பால் கிஹிம் என்ற கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார்.

அந்த வீட்டின் அருகில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. நம் பகுதியில் கிணற்றங்கரைப் பனைகளிலும் ஈச்ச மரங்களிலும் தொங்கும் அதே கூடுகள்தாம். நாம் அன்றாடம் பார்த்துக் கடந்து செல்வதை, வேலையிழந்த அந்த மனிதர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக் குறித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதிக்கின்றன. ஒரு பெண் குருவி கூட்டை ஏற்றுக்கொண்ட பிறகே ஆண் குருவி அதைக் கட்டி முடிக்கிறது. பெண் குருவி முட்டையிட்டு அமர்ந்ததும் ஆண் குருவி வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு துணையை அழைக்கிறது. இந்த ஒழுங்கை அதுவரை எவரும் தெளிவாக விளக்கியதில்லை. அந்த ஆய்வுக் கட்டுரை வெளியானதும் பறவையியல் உலகில் அவர் பெயர் நிலைபெற்றது.

வேலை இல்லாத நாட்களை அவர் வீணாக்கவில்லை என்பது மட்டுமே இதன் பொருளன்று. பெர்லினில் கற்ற முறைகள் கையில் இருந்ததனால்தான் கண்முன் இருந்த குருவியில் புதிய உண்மையைக் காண முடிந்தது. பர்மாவில் பறவைகளைப் பார்த்து நின்ற இளைஞரிடம் ஆர்வம் இருந்தது. கிஹிமில் அமர்ந்திருந்தவரிடம் பயிற்சியும் சேர்ந்திருந்தது.

தாமே உருவாக்கிக்கொண்ட பணி

வேலை தரும் அலுவலகம் இல்லாதபோது, தமக்கு ஏற்ற வேலையைத் தாமே வகுத்துக்கொண்டார். சமஸ்தானங்கள் பலவற்றில் எந்தெந்தப் பறவைகள் உள்ளன என்ற முறையான கணக்கு அப்போது இல்லை. பயணச் செலவை ஏற்றுக்கொண்டால் ஊதியம் இன்றியே கணக்கெடுத்துத் தருவதாக அவர் முன்வந்தார். ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் எனப் பல சமஸ்தானங்களில் இப்பணி நடந்தது. காடு மேடுகளில் கூடாரம் அடித்துத் தங்கிய அந்தப் பயணங்களில் தஹ்மீனா அம்மையாரும் உடன் சென்றார். கணவரின் ஆங்கில எழுத்து நடை செம்மையுறவும் அவர் துணைபுரிந்தார். வசதியான வாழ்வு கிடைத்திருக்கக்கூடிய ஒரு பெண்மணி, கணவரின் நிலையற்ற தொழிலை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார். 1939இல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் வஃபாத்தானார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளாமல், சகோதரியின் இல்லத்தில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார்.

1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. சாமானியரும் படத்தைப் பார்த்துப் பறவையை அடையாளம் காண உதவிய அந்நூல் பல பதிப்புகளைக் கண்டது. விடுதலைக்குப் பின்னர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நிதியின்றித் தத்தளித்தபோது பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்று அதைக் காப்பாற்றினார். சிறுவனாகத் தயங்கி நுழைந்த அந்தக் கழகத்திற்குத் தாமே தூணாக நின்றார். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய பெருநூல் 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. அது நிறைவுற்றபோது அவருக்கு 77 வயது.

நம் மாநிலமும் அவருக்குக் கடன்பட்டுள்ளது. கோடியக்கரையின் சதுப்பு நிலங்கள் வலசைப் பறவைகளுக்கு எத்துணை இன்றியமையாதவை என்பதை 1960களின் தொடக்கத்திலேயே அவர் எடுத்துக்காட்டினார். 1967இல் அது சரணாலயமாக்கப்பட்டது. அண்டையில் உள்ள அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. அந்த ஏரி 2024 ஜனவரியில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய நீர்நிலைகளின் மதிப்பைப் பறவைகளைக் கொண்டு அளக்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்ற உழைத்தவர்களில் முதன்மையானவர் அன்னாரே.

பட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு 1958இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்களும் பின்னர் வழங்கின. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கு அவரே ஆய்வு வழிகாட்டியாக விளங்கினார். தம்மிடம் பயின்ற மாணவர்கள் முறையாகப் பட்டம் பெற்று வெளியேறுவதற்கு வழி செய்தார். 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் எனச் சிறப்புகள் தேடி வந்தன. பரிசாகக் கிடைத்த பெருந்தொகையையும் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார். 1987 ஜூன் 20ஆம் நாள் தமது 90ஆம் வயதில் காலமானார். அவர் பெயரால் 1990இல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது.

நாம் பெறும் பாடம்

இந்த வாழ்க்கையிலிருந்து நம் ஜமாஅத்தின் பெற்றோரும் மாணவரும் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, பிள்ளையைக் கவனியுங்கள். யாரும் சொல்லாமலே எதில் அதிக நேரம் செலவிடுகிறது என்று பாருங்கள். நமக்குத் தெரியாத துறையாக இருந்தால், தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அமிருத்தீன் தயாப்ஜி செய்ததும் அதுவே. அதற்குப் பணம் தேவைப்படவில்லை.

இரண்டாவது, ஆர்வம் இருக்கிறது என்பதற்காகப் பட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். நாம் விரும்பும் வேலைக்கு எந்தப் படிப்பு அடிப்படைத் தகுதி என்பதைச் சேரும் முன்னரே விசாரியுங்கள். பறவை, விலங்கு, காடு ஆகியவற்றில் நாட்டமுள்ள பிள்ளைக்கு இன்று வழிகள் உண்டு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகள் இந்திய வனப் பணித் தேர்வை எழுதலாம். சாலிம் அலியின் காலத்தில் இவ்வாறு தெளிவான வழி எதுவும் இல்லை. அவர் முட்புதரில் நடந்தார் என்பதற்காக, சாலை இருக்கும்போது நாமும் முட்புதரில் நடக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பிழைப்புக்கும் ஒரு கை வைத்திருங்கள். காலையில் கணக்கியலும் அதன் பின் விலங்கியலும் படித்த அந்த இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். வசதியற்ற வீட்டுப் பிள்ளை, குடும்பத்தைத் தாங்கும் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டே தனக்குப் பிடித்த கல்வியைத் தொலைநிலையிலோ மாலை நேரத்திலோ தொடரலாம்.

நான்காவது, நம்மை நோக்கியே சொல்லிக்கொள்வது. படிப்பில் சறுக்கி ஊர் திரும்பும் பிள்ளையைக் கண்டால், நம் நாவைக் காத்துக்கொள்வோம். தேறாத பாடங்களை எழுதி முடிக்கலாம். அதுவும் இயலாதென்றால் வேறு பாடத்தில் புதிதாகச் சேரலாம். எந்தப் படிப்பு என்று ஊரே முடிவு செய்த பிறகு, தோல்வியை மட்டும் அந்தப் பிள்ளையின் தலையில் சுமத்துவது நீதியன்று. சாலிம் அலிக்கு ஒரு மில்லர்டும் ஒரு பிளாட்டரும் கிடைத்தார்கள். அவர்கள் அவருடைய உறவினரும் அல்லர், சமுதாயத்தாரும் அல்லர். நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் நாம் நிற்கத் தவறினால், அதற்கு நாளை நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வரும் கல்வியாண்டில் மேற்படிப்பில் சேரவிருக்கும் மாணவ மாணவியர், விண்ணப்பம் போடும் முன்னர் பெற்றோருடன் வந்து நம்மிடம் கலந்து பேசுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே படிப்பை நிறுத்தியவர்களும் தயங்காமல் வரலாம். இம்முறை எங்கள் ஆலோசனையைச் சொல்வதற்கு முன், அவர்கள் சொல்வதைக் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கொண்டு ஹலாலான வாழ்வாதாரத்தையும், அவர்களைப் புரிந்து நடத்தும் பக்குவத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.